மலேசிய நத்தை என்கிற சோழமண்டல நத்தை

போன மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தபோது, ஹாலில் இருக்கிற மீன்தொட்டி ஞாபகம் வந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க நத்தை. கூம்பு மாதிரி நீளமாக, பழுப்பில் சிவப்புப் புள்ளி தெளித்த ஓட்டோடு, விரல் நகம் அளவிலிருந்து கடுகு அளவு வரை. பகலில் இந்தத் தொட்டியைப் பார்க்கிறவர்கள் இதில் எட்டு கப்பி மீனும் கொஞ்சம் செடியும்தான் இருக்கிறது என்று சொல்வார்கள். அத்தனை நத்தையும் பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். இருட்டினால்தான் வெளியே வரும்.

இவற்றை நான் வாங்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு கடையில் தண்ணீர்ச் செடி ஒரு கட்டு வாங்கினேன். வேரோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டி நத்தை வந்தது. பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். போன மாதம் மணலைச் சலித்து எண்ணியபோது 312. எண்ண முடியாத பொடிகள் தனி.

எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். பத்தாவது படிக்கிறான்.

"அங்கிள், இவ்ளோ நத்தைய வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? ஒரு பக்கெட்ல போட்டுக் குடுங்க. சைக்கிள்ல போய் சேலையூர் ஏரியில விட்டுட்டு வந்துடறேன்."

"டேய், அது மலேசியா நத்தைடா. வெளிநாட்டு ஜீவனை எல்லாம் நம்ம ஏரியில விடக்கூடாது" என்றேன். ரொம்பத் தெரிந்தவன் மாதிரிதான் சொன்னேன். கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்: மலேசியன் டிரம்பெட் ஸ்நெயில், சுருக்கமாக எம்.டி.எஸ். கொளத்தூர் மொத்தக் கடையிலிருந்து தாம்பரம் சானடோரியம் பக்கத்துச் சின்னக் கடை வரைக்கும் அதே பெயர்தான்.

அன்றைக்கு ராத்திரி சும்மா இந்த நத்தையின் அறிவியல் பெயரைத் தேடப்போனதில் என் பதில் அடியோடு சரிந்தது. அந்தக் கதைதான் இந்தக் குறிப்பு.

1774, 'சோழமண்டலக் கரை'

இதன் அறிவியல் பெயர் மெலனாய்டெஸ் டியூபர்குலேட்டா. பெயர் வைத்தவர் ஓட்டோ ஃபிரெடரிக் முல்லர் என்ற டென்மார்க் இயற்கையியலாளர். 1773-74இல் அவர் லத்தீனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். நிலத்திலும் நன்னீரிலும் வாழும் புழு, நத்தை வகையறாக்களின் வரலாறு அது. அதில் 1774இல் வந்த பகுதியில் இந்த நத்தையை நெரிட்டா டியூபர்குலேட்டா என்ற பெயரில் விவரித்தார். ஒரு உயிரினத்துக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கும்போது, பார்த்த மாதிரி எந்த ஊர்ச் சரக்கு என்று எழுதுவது வழக்கம். முல்லர் எழுதியது கோரமாண்டல் கரை. அதாவது சோழமண்டலக் கரை.

என் வீட்டிலிருந்து கிழக்கே அரைமணி நேரம் வண்டி ஓட்டினால் வருகிற கரை.

டென்மார்க்காரருக்கு நம்ம கடற்கரை நத்தை எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டியதில்லை. தரங்கம்பாடி இருக்கிறதே. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வாங்கிய ஊர். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கும் வரை அவர்கள் கையில்தான் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊரிலிருந்து மிளகும் துணியும் மட்டும் கப்பல் ஏறவில்லை. கிளிஞ்சல், மீன், உலர்ந்த செடி, ஓலைச்சுவடி எல்லாம் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போயின. முல்லரின் நாட்டில் கிளிஞ்சல் சேர்ப்பது அப்போது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு.

அப்படியானால் 'மலேசியா' எங்கிருந்து வந்தது? இந்த நத்தையின் இயற்கையான பரப்பு ரொம்பப் பெரியது. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை. மேல்நாட்டு மீன்தொட்டி வியாபாரத்துக்குச் சரக்கு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போனது, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே வியாபாரம் பிறகு நம்மூருக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்தது. நம்மூர் பெயரில் பதிவான ஒன்றை, வெளிநாட்டுச் சரக்கு என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் பையனிடம் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம ஊர் நத்தைதானே அங்கிள், ஏரியில விடலாம்ல?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன்.

மூன்று எப்படி முன்னூறு ஆகிறது

முதலில் கணக்கு. தோட்டத்து நத்தை மாதிரி இது முட்டை போட்டுவிட்டுப் போவதில்லை. தலைக்குப் பின்னால் உடம்புக்குள்ளேயே ஒரு பை உண்டு. குட்டிகள் அதில் வளர்ந்து, ஓட்டோடு வெளியே வரும். இரண்டாவது, பெரும்பாலும் எல்லாமே பெண். ஆண் மிக அரிது. ஆண் இல்லாமலே குட்டி போடும். அதனால் ஒரே ஒரு நத்தை போனாலும் போதும், ஒரு குலமே போனதற்குச் சமம். ஓட்டுக்கு மூடி உண்டு. தண்ணீர் கெட்டுப்போனாலோ கொஞ்ச நேரம் வற்றினாலோ கதவைச் சாத்திக்கொண்டு தாங்கும்.

இவ்வளவு தகுதியோடு ஒரு ஜீவன் மீன்தொட்டி வியாபாரத்தில் ஏறினால் என்ன ஆகும்? 1930களில் அமெரிக்கக் கடைகளுக்குப் போயிற்று. பிறகு ஃபுளோரிடா, டெக்ஸஸ் என்று வெந்நீர் ஊற்றுகளிலும் ஆறுகளிலும் தென்பட ஆரம்பித்தது. டெக்ஸஸில் கோமல் என்ற ஆற்றில் இரண்டு அங்குலம்கூட இல்லாத ஒரு அபூர்வ மீன் உண்டு, ஃபவுண்டன் டார்ட்டர் என்று பெயர். 1990களில் அதன் செவுளில் ஒரு ஒட்டுண்ணிப் புழுவைக் கண்டார்கள். ஆசியாவைச் சேர்ந்த புழு. தன் வாழ்க்கையின் முதல் பாதியை அது இந்த நத்தைக்குள்தான் கழிக்கும். நத்தை தனியாகப் போகவில்லை.

இன்னொரு பக்கம், இதே நத்தையை வேண்டுமென்றே கூட்டிப்போன கதையும் உண்டு. கரீபியன் தீவுகளில் பில்ஹார்சியா என்ற ரத்தப்புழு நோயைச் சுமப்பது வேறொரு வட்ட நத்தை. அதை நெருக்கி ஒழிக்க 1970களின் இறுதியில் செயின்ட் லூசியாவிலும், பிறகு மார்ட்டினிக்கிலும் நம்ம கூம்பு நத்தையை ஓடைகளில் விட்டார்கள். பல இடங்களில் வட்ட நத்தை குறையவும் செய்தது. ஆகவே இந்த நத்தையை வில்லன் என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. போன இடத்தைப் பொறுத்து அதன் வேலை மாறுகிறது. என்ன ஆகும் என்று கொண்டுபோகிறவருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை என்பதுதான் பொது.

நல்ல மனசுக்காரர்கள்

நத்தைக்கு 'நல்ல வீடு' தேடிக் கொடுத்தவர்களின் வரலாற்றைத் தேடினால், முதல் அத்தியாயம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

வில்லியம் ஹென்றி பென்சன் (1803-1870) கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. நத்தை ஆராய்ச்சியில் பெரிய ஆள், இந்திய நத்தைகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர். 1847இல் மொரீஷியஸிலிருந்து இரண்டு ராட்சத ஆப்பிரிக்க நத்தைகளை உயிரோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். கிளம்பும்போது அவற்றைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவை சௌரங்கி பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. ஊரை விட்டுப் போகிற மனிதர், வளர்த்த ஜீவனைத் தெரிந்தவரிடம் ஒப்படைக்கிறார். நாம் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

ராட்சத நத்தை இந்தியாவுக்குள் வந்த கதை அப்படித் தொடங்குகிறது. இன்றைக்கு மழைக்காலத்தில் சென்னைப் புறநகர் காம்பவுண்டு சுவர்களில், பப்பாளி மரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஏறிக்கொண்டிருப்பது அதே இனம்.

கல்கத்தாவோடு நிற்கவில்லை. 1900இல் இலங்கையில் ஆலிவர் காலெட் என்ற இயற்கை ஆர்வலர் கல்கத்தாவிலிருந்து சில நத்தைகளைத் தருவித்து, மலைநாட்டில் வட்டவளையில் தோட்டத்தில் விட்டார். பத்தே வருஷத்தில், 1910 வாக்கில், இலங்கை அரசின் பூச்சியியலாளர் எர்னஸ்ட் கிரீன் அந்த நத்தை பேருவளைப் பக்கம் பெருகிக் கிடப்பதைப் பற்றி எழுதுகிறார். அங்கிருந்து மலாயா, சிங்கப்பூர். 1932இல் சிங்கப்பூரிலிருந்து தைவானுக்கு, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வளர்க்கலாம் என்று. 1936இல் ஹவாய்.

ஹவாயிலிருந்து அடுத்த அடி வைத்தது ஒரு சின்னப் பையன். 1966இல் ஹவாய்க்குச் சுற்றுலா போன அந்தப் பையன் ஞாபகார்த்தமாக மூன்று நத்தைகளை மயாமிக்குக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு வருஷத்தில் அரசு ஊழியர்கள் பொறுக்கி அழித்தது 18,000க்கு மேல். முழுசாக ஒழித்தாயிற்று என்று அறிவிக்க 1975 ஆயிற்று. செலவு சுமார் 10 லட்சம் டாலர். 2011இல் அதே மயாமியில் மறுபடியும் வந்தது.

மூன்று நத்தை. என் தொட்டிக்கு வந்ததும் மூன்று. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது உண்மை.

பிறகு 1980 வாக்கில் தங்க ஆப்பிள் நத்தை. தென் அமெரிக்காவின் பொமேசியா. சாப்பிட நல்லது, ஏற்றுமதி செய்யலாம், ஏழை விவசாயிக்கு வருமானம் என்று தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த சில வருஷங்களில் ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று பரவியது. ருசி யாருக்கும் பிடிக்கவில்லை, சந்தை விழுந்தது. வளர்த்தவர்கள் தொட்டியைக் கால்வாயில் கவிழ்த்தார்கள். நட்ட நாற்றை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிச் சாப்பிட்டு, தண்டுகளில் ரோஜா நிறத்தில் முட்டைக்கொத்து ஒட்டிவைத்து, ஆசிய நெல் வயல்களின் பெரிய தலைவலி ஆயிற்று. தாம்பரம் கடைகளில் மஞ்சளும் நீலமுமாக 'மிஸ்டரி ஸ்நெயில்' என்று விற்கிறார்களே, அது இதற்கு நெருங்கிய உறவு. அதே பொமேசியா குடும்பம்தான், இனம் மட்டும் வேறு.

பென்சன், காலெட், மயாமிப் பாட்டி, தைவான் வியாபாரி. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கடைசி மனிதரைத் தவிர மற்ற மூவருக்கும் லாப எண்ணம்கூட இல்லை. பாவம், இங்கே நன்றாக இருக்கட்டும் என்ற நினைப்புதான். நான் செடி வேரிலிருந்து அந்த மூன்றையும் எடுத்து எறியாமல் விட்டதும் அதே நினைப்பில்தான்.

"நம்ம ஊர் நத்தைதானே?"

ஆனால் பையனின் கேள்வி இன்னும் நிற்கிறது. இவை எல்லாம் வெளியூர் நத்தைகள். எம்.டி.எஸ் சோழமண்டலத்து ஆள். சேலையூர் ஏரிக்கரையில் நானே ஒரு காலை நேரம் போய்ப் பார்த்தேன். சேற்றோரம் அதே மாதிரி கூம்பு ஓடுகள், வெளுத்துப்போய்க் கிடந்தன. ஏற்கெனவே இருக்கிற இடத்தில் இன்னும் 300 விட்டால் என்ன கெட்டுப்போகும்?

இதற்குப் பதில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் கிடைத்தது. அந்த ஏரியிலும் மெலனாய்டெஸ் நத்தைகள் ஆதியிலிருந்தே உண்டு. 2004இல் மார்ட்டின் ஜென்னரும் சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏரியில் இப்போது ஏராளமாகத் தென்படுகிற ஒரு வகை கூம்பு நத்தையின் மரபணுவைப் பார்த்தால், அது உள்ளூர் வம்சம் இல்லை, ஆசிய வம்சம். பார்க்க உள்ளூர் நத்தை மாதிரியே இருந்ததால் அது வந்து குடியேறியதை யாரும் கவனிக்கவில்லை. மாறுவேடம் போட்ட ஊடுருவல் என்ற பொருளில்தான் அந்தக் கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள, ஆண் இல்லாமல் குட்டி போடும் விஷயத்தை மறுபடி நினைக்க வேண்டும். ஒவ்வொரு தாய்க் கொடியும் தன் அச்சையே திரும்பத் திரும்ப எடுக்கிறது. அதனால் ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று கலக்காத பல குலங்கள். முல்லர் கையில் எடுத்தது சோழமண்டலத்துக் குலம். என் தொட்டியில் இருப்பது சிங்கப்பூர் போய், பாங்காக் போய், யார் யார் பண்ணைத் தொட்டியிலோ தலைமுறை தலைமுறையாக இருந்து, கொளத்தூர் வழியாகப் பல்லாவரம் வந்த ஏதோ ஒரு குலமாக இருக்கலாம். பெயர் ஒன்று, ஊர் வேறு. கண்ணால் பார்த்து நானோ பையனோ சொல்ல முடியாது. ஏரியில் விட்ட பிறகு யாராலும் திரும்பப் பொறுக்க முடியாது. வெளிநாட்டு நத்தை என்று தெரிந்தாலாவது யாராவது கவனிப்பார்கள். உள்ளூர் முகத்தோடு வருவதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

கூடவே வருகிற விருந்தாளி இன்னொரு காரணம். நத்தைக்குள் என்ன இருக்கும் என்பதைச் சென்னைக்காரர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மாடு குறட்டை விடுவது மாதிரி மூச்சு விடுகிற ஒரு நோய் மதராஸ் மாகாணத்தில் உண்டு. மூக்குச் சதை வளர்ந்து மாடு மெலிந்துபோகும். அதற்குக் காரணம் ஒரு ரத்தப்புழு என்று 1933இல் எம். ஏ. என். ராவ் விவரித்துப் பெயர் வைத்தார். அந்தப் புழு மாட்டுக்கு வருவதற்கு முன்னால் குடியிருக்கும் வீடு, நம் குட்டைகளில் சாதாரணமாக இருக்கிற வட்ட நத்தை. மாடு குட்டையில் இறங்கித் தண்ணீர் குடித்தால் போதும். அதற்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே, முதல் உலகப் போர் முடிந்து எகிப்திலிருந்தும் மெசபடோமியாவிலிருந்தும் சிப்பாய்கள் பில்ஹார்சியாவோடு திரும்பியபோது, இங்கே இருக்கிற நத்தைகளில் எது அதைச் சுமக்கும் என்று தேடும் வேலை நடந்தது. 1919இல் அதைப் பற்றி எழுதிய இருவரில் ஒருவர் எஃப். எச். கிரேவ்லி. 1920இலிருந்து இருபது வருஷம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். நத்தையைச் சும்மா நத்தை என்று பார்க்கக்கூடாது என்பது இந்த ஊரில் நூறு வருஷத்துப் பாடம்.

என் சொந்தப் பாடம் ஒன்றும் இருக்கிறது. 2015இல் நான் முடிச்சூரில் தரைத்தளத்தில் குடியிருந்தேன். அப்போதும் ஒரு தொட்டி இருந்தது, அதில் கப்பியோடு இரண்டு மஞ்சள் மிஸ்டரி நத்தை. டிசம்பர் 1 ராத்திரி தண்ணீர் ஏறியபோது அம்மாவையும் பத்திரங்களையும் மாடிக்கு ஏற்றத்தான் நேரம் இருந்தது. மூன்று நாள் கழித்து இறங்கிப் பார்த்தால் தொட்டி கவிழ்ந்திருந்தது, உள்ளே சேறு. நத்தை இல்லை. அன்றைக்கு அதை இழப்பு என்றுதான் நினைத்தேன். நான் விட்டவை எங்கே போயின என்ற கேள்வி அப்போது மனதில் வரவில்லை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அன்று எத்தனை வீட்டுத் தொட்டிகள் அடையாற்றோடு கலந்தன? இந்தப் புறநகரில் பாதி வீடுகள் ஏரியின் பழைய தண்ணீர்த் தடத்தில்தான் நிற்கின்றன. தொட்டிக்கும் ஏரிக்கும் நடுவே நாம் நினைக்கிற அளவு தூரம் இல்லை.

சோதனைக்கூட நத்தை

சென்னைக்காரர்களுக்குத் தண்ணீர்த்தொட்டி புதிசு இல்லை. 1909இல் மெரினாவில் திறந்த மீன் காட்சியகம் இந்தியாவிலேயே முதல். தாம்பரத்தில் நத்தையோடு பழக்கம் வேறு விதம். 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. இந்தப் பக்கத்தில் விலங்கியல் படித்த பழைய தலைமுறைக்கு நத்தை என்றால் பைலா. வயலிலும் ஏரியிலும் இருக்கிற நம் நாட்டு ஆப்பிள் நத்தை. பல ஊர்களில் ஊமச்சி என்பார்கள், கறி வைப்பார்கள். 1932இல் பைனி பிரசாத் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். பிறகு வந்த பட்டப்படிப்பு மாணவர்கள் எல்லாம் அந்தப் படங்களின் வழியாகத்தான் பைலாவை அறுத்துப் பழகினார்கள். என் பெரியப்பா அறுபதுகளில் பி.எஸ்ஸி. படித்தவர். பரீட்சைக்கு முன்னால் ஏரியில் இறங்கி நத்தை பொறுக்கி வந்து மண்பானையில் போட்டு வைப்பார்களாம். "மிச்சம் இருந்தா சாயங்காலம் எடுத்த இடத்துலயே விட்டுட்டு வந்துடுவோம்" என்று சொல்வார்.

எடுத்த இடத்திலேயே. அந்த ஒரு வார்த்தையில்தான் வித்தியாசம் இருக்கிறது. அவர் எடுத்த இடம் அவருக்குத் தெரியும்.

சரியாகக் கொடுத்தவர்கள்

வளர்த்த நத்தையைத் தண்ணீரிலோ காட்டிலோ விடுவதே தப்பு என்று சொல்லவரவில்லை. ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பசிபிக் கடலில் தாஹிட்டி, மோரியா தீவுகள். அங்கே காட்டு மரங்களில் பார்டுலா என்ற சின்ன நத்தைகள், தீவுக்குத் தீவு, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறு வேறு இனம். பென்சன் காலத்திலிருந்து கைமாறிக்கொண்டிருந்த அதே ராட்சத நத்தை 1967இல் தாஹிட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. அதை ஒழிக்க 1974இல் தாஹிட்டியிலும் 1977இல் மோரியாவிலும் நத்தை தின்னும் நத்தை ஒன்றை, யூக்ளாண்டினா என்று பெயர், கொண்டுவந்து விட்டார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டுப் பார்டுலாவைத் தின்றது. 1987இல் மோரியா காடுகளில் தேடியபோது ஒரு பார்டுலா கிடைக்கவில்லை.

அந்த நத்தைகளைப் பல வருஷம் ஆராய்ந்துகொண்டிருந்த பிரையன் கிளார்க், ஜேம்ஸ் மர்ரே, மைக்கேல் ஜான்சன் ஆகியோர் கடைசி நேரத்தில் சிலவற்றைக் காப்பாற்றி எடுத்து வந்திருந்தார்கள். லண்டன், எடின்பரோ, பிரிஸ்டல், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்று விலங்குக்காட்சியகங்களில் பிளாஸ்டிக் டப்பாக்களில் வளர்ந்தன. எல்லாம் பிழைக்கவில்லை. பார்டுலா டர்ஜிடா என்ற இனத்தின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் லண்டன் விலங்குக்காட்சியகத்தில் செத்துப்போனது. ஒரு இனம் முழுவதும் முடிந்துபோன தேதி நமக்குத் தெரிகிறது. மீதி இனங்களை 2015இலிருந்து சொந்தத் தீவுகளுக்கே திரும்ப அனுப்புகிறார்கள். நோய் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றின் ஓட்டிலும் ஒரு பொட்டுப் பெயிண்ட் வைத்து, பிறகு எண்ணிப் பார்ப்பதற்காக. 2023இல் மட்டும் 5,000க்கு மேல். 2024இல் மோரியாவில், பொட்டு இல்லாத வளர்ந்த நத்தைகளைக் கண்டார்கள். பொட்டு இல்லை என்றால் காட்டிலேயே பிறந்தவை என்று அர்த்தம்.

சொந்த ஊர் எது என்று தெரியும், யாருடைய குட்டி என்று தெரியும், நோய் பார்த்தாயிற்று, திரும்பப் போய் எண்ணுகிறார்கள். என் 312 நத்தையில் எதற்கும் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

பக்கெட் எங்கே போயிற்று

பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதை எல்லாம் சொன்னேன். மலாவிக் கதை அவனுக்குப் பிடித்தது. "ஆதார் கார்டு இல்லாத நத்தை" என்றான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வீடு தேடினோம். ஒரே விதி: தொட்டியிலிருந்து தொட்டிக்கு, ஆள் கையிலிருந்து ஆள் கைக்கு. ஏரி, கிணறு, கோயில் குளம், சாக்கடை கிடையாது.

அவன் பள்ளிக்கூட உயிரியல் வகுப்புத் தொட்டிக்கு 20. என் அலுவலகத்தில் செடித்தொட்டி வைத்திருக்கிற நண்பருக்கு 40. மணலைக் கிளறிக் கொடுக்கும் என்பதால் அவருக்கு வேண்டும். ஒவ்வொரு டப்பாவோடும் ஒரு துண்டுச்சீட்டு: 'மூன்று இருந்தால் முன்னூறு ஆகும். மீன் சாப்பாடு அதிகம் போட்டால் சீக்கிரம் ஆகும். மிஞ்சினால் எனக்கே திருப்பிக் கொடுங்கள்.' ஓடு உறுதியாக இருக்க நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிற கடல்நுரை ஒரு துண்டு போதும் என்றும் எழுதினோம். எங்கள் போர் தண்ணியில் இருக்கிற உப்புக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

குரோம்பேட்டையில் பஃபர் மீன் வளர்க்கிற ஒருவர் 150 எடுத்துக்கொண்டார். பஃபர் மீனுக்கு நத்தைதான் சாப்பாடு. அதைப் பையனிடம் மறைக்கவில்லை. முகம் கொஞ்சம் வாடியது. "ஏரியில விட்டிருந்தா உயிரோடயாவது இருந்திருக்கும்" என்றான். அவன் சொன்னது சரிதான். நத்தை உயிரோடு இருந்திருக்கும். ஏரிக்கு என்ன ஆகியிருக்கும் என்பதற்குத்தான் அவனிடமும் என்னிடமும் பதில் இல்லை. பென்சனிடமும் இருந்திருக்காது.

மிச்சம் சுமார் நூறு இன்னும் என்னிடம்தான். மீன் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், பெருக்கம் நன்றாகவே குறைந்திருக்கிறது. தொட்டியைத் தரையிலிருந்து எடுத்து, ஜன்னல் உயரத்துக்கு இரும்பு ஸ்டாண்டு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த டிசம்பருக்கு முன்னால் ஒரு மூடியும் வாங்க வேண்டும்.

தொட்டியின் மேல் பையன் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறான். 'மலேசியா' என்று எழுதி அடித்துவிட்டு, 'சோழமண்டலம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறான்.